கசட்டுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்: சான்று எவ்வளவு தாங்கும்?

பாபநாசத்தில் மலை இறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம் வந்து சேர்வதற்குள்ளாகவே ஊர்க்கழிவை வாங்க ஆரம்பித்துவிடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது இந்த ஆற்றுக்கு வகுத்த எல்லை கீழே ஆறுமுகநேரி வரை நீண்டது. சமவெளியில் ஓடும் ஆறு ஏறக்குறைய முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் திருநெல்வேலிக்கே வந்து, சாக்கடை ஆற்றில் இறங்கும் இடங்களை நேரில் பார்த்தார்கள். ஆற்றங்கரை ஊர்கள் சுத்திகரிப்பை இனியும் தள்ளிப்போட முடியாது.

இப்படி ஒரு நெருக்கடி வந்தால் கூடவே சுலப வழிகளும் வந்து நிற்கும். சாக்கடையில் தெளிக்கும் நுண்ணுயிர்க் கரைசல், செப்டிக் டேங்கில் கொட்டும் பாக்டீரியா பவுடர், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வைட்டமின் கலந்த ஊட்டம் என்று பல. இவற்றுக்குச் சொல்லப்படும் நியாயத்தின் அடியில் நல்ல அறிவியல் கருத்து ஒன்று இருக்கிறது. கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் தனித்தனியாகப் பிழைப்பதில்லை. ஒன்று செய்யும் வைட்டமினை வைத்து இன்னொன்று வாழ்கிறது என்பதே அது. இந்தக் கைமாற்றம் உண்மையிலேயே நடக்கிறதா? நடந்தால், சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை அதை நம்பி இருக்கிறதா? அப்படியே இருந்தாலும், அம்பாசமுத்திரம் போன்ற ஓர் ஊர் அதற்காகக் காசு செலவழிக்கலாமா? மூன்றும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கிடைத்த சான்றை மூன்றாவதற்கும் சேர்த்துக் கணக்கெழுதுவதில்தான் குழப்பமே பிறக்கிறது.

வைட்டமின்களில் இந்த விவாதத்துக்கு மையமானது பி12. நடுவில் ஒரு கோபால்ட் அணுவை வைத்துக் கட்டிய பெரிய மூலக்கூறு. டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர் முறையில் 1956-ல் அதன் அமைப்பை முழுதாகக் காட்டினார். 1964-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தாவரம், விலங்கு, பூஞ்சை எதுவும் இதைச் செய்யாது. பாக்டீரியாவிலும், அதைப் போன்ற ஒற்றைச் செல் உயிர்களான ஆர்க்கியாவிலும் சிலவற்றுக்கு மட்டுமே அந்த வித்தை தெரியும். முப்பதை நெருங்கும் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தால்தான் ஒரு மூலக்கூறு உருவாகும். ஆனால் தேவையோ எங்கும் இருக்கிறது. செப்டிக் டேங்கில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவுக்கு அந்த வேலையின் நடுவே பி12 குடும்பத்து மூலக்கூறு ஒன்று கட்டாயம் வேண்டும். அம்பை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தந்த ஏ.எஸ்.டி. 16 நட்ட வயலின் சேற்றிலும் அதே ஆர்க்கியா வகைகள், அதே தேவை.

செய்யச் செலவு அதிகம், தேவை பரவல்: இந்த இரண்டும் சேர்ந்தால் கைமாற்றம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஏறத்தாழ 11,000 பாக்டீரியா இனங்களின் மரபணுத் தொகுதிகளை வாசித்துச் சொன்னது இது: பி12 குடும்பத்தைச் சார்ந்த நொதி ஏதாவது ஒன்றாவது உள்ளவை 86 சதவீதம், முதலிலிருந்து தாமே செய்துகொள்ளக் கூடியவை என்று கணிக்கப்பட்டவை 37 சதவீதம். பாதிக்குப் பாதி இனங்கள் வெளியிலிருந்து வாங்கிப் பிழைக்கின்றன என்று இதை வைத்துச் சொல்கிறார்கள்.

இங்கே நிதானிக்க வேண்டும். அந்த எண்கள் கணிப்பு. மரபணு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொன்னவை. அந்தப் பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்துச் சொன்னவை அல்ல. இந்த முறையின் ஓட்டையை 2018-ல் அமினோ அமிலங்களை வைத்து மோர்கன் பிரைஸ் குழுவினர் காட்டினார்கள். அமினோ அமிலம் எதுவும் சேர்க்காத ஊடகத்தில் நன்றாக வளரும் பாக்டீரியாக்களிலேயே, கணினியிடம் கேட்டால் அமினோ அமிலம் செய்யும் பாதையில் படிகள் விடுபட்டிருப்பதாகச் சொல்லும். தேடிப் பார்த்தால் அந்த வேலையை நமக்குத் தெரியாத வேறொரு மரபணு செய்துகொண்டிருக்கும். வைட்டமின் பாதைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கழிவுநீர் ஆய்வுகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கசட்டிலுள்ள பெரும்பாலான பாக்டீரியாக்களை யாரும் தனியாக வளர்த்ததில்லை. கசட்டிலிருந்து மொத்தமாக எடுத்த டி.என்.ஏ. துண்டுகளைக் கணினியில் ஒட்டித்தான் அவற்றின் மரபணுத் தொகுதியைத் தேற்றுகிறார்கள். 90 சதவீதம் முழுமை இருந்தாலே உயர்தரம் என்று எண்ணும் அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு காணாமல் போகலாம் என்ற நிலையில், முப்பது மரபணுப் பாதையில் இரண்டு மூன்று இல்லை என்பதை வைத்து 'இதற்கு வைட்டமின் செய்யத் தெரியாது' என்று தீர்ப்பெழுதுவது அவசரம். முழுப் பாதையும் அடியோடு இல்லை என்றால் அது வேறு, அப்போது நம்பலாம்.

ஆக, மரபணு வாசிப்பு சந்தேகப்பட நல்ல காரணம் தருகிறது, அவ்வளவுதான். கைமாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே குடுவையில் வைக்க வேண்டும். அப்படிச் செய்த ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2012-ல் வெளியான ஒன்று. குளோரின் ஏறிய கரைப்பான்களால் கெட்டுப்போன நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா அதன் நாயகன். அதற்குப் பி12 இல்லாமல் வேலையே ஓடாது. தானாகச் செய்யவும் தெரியாது. அதைத் தனித்தனியாக இரண்டு ஜியோபாக்டர் இனங்களோடு வளர்த்தார்கள். இரண்டுக்கும் பி12 குடும்பத்து மூலக்கூறு செய்யும் மரபணுக்கள் முழுதாக உண்டு. இரண்டும் அதை வெளியே கசியவும் விடுகின்றன. லவ்லியி இனம் லிட்டருக்கு ஏறத்தாழ 13 நானோகிராம், சல்ஃபர்ரெட்யூசென்ஸ் இனம் ஏறத்தாழ 24.

அதிகம் கசியவிட்ட இனத்தோடு சேர்ந்தபோது டீஹாலோகாக்காய்டிஸ் வளரவே இல்லை எனலாம். குறைவாகக் கசியவிட்டதோடு சேர்ந்தபோதுதான் வளர்ந்தது, கரைப்பானையும் சிதைத்தது. காரணம் மூலக்கூறின் அடிப்பகுதியில் இருக்கிறது. பி12 குடும்பத்தில் கோபால்ட்டைச் சுற்றிய வளையம் பொதுவானது. அதன் கீழே தொங்கும் சிறு துணுக்கு இனத்துக்கு இனம் மாறும். வாங்குபவனுக்குப் பொருந்தாத துணுக்கு இருந்தால் எவ்வளவு கிடைத்தாலும் பிரயோசனமில்லை. அந்தத் தோற்றுப்போன குடுவையில் சரியான துணுக்கான டைமெத்தில்பென்ஸிமிடசோலை மட்டும் சேர்த்ததும் டீஹாலோகாக்காய்டிஸ் மறுபடி வேலையைத் தொடங்கியது.

இதில் கைமாற்றம் ஐயமறக் காட்டப்பட்டது. கூடவே, கொடுக்கும் திறன் ஒன்றிடமும் தேவை மற்றொன்றிடமும் இருந்தால் கைமாற்றம் நடந்தே தீரும் என்ற கணக்கும் அதே ஆய்வில் உடைந்துபோனது. மரபணு வரைபடத்தில் அம்புக்குறி போட்டு 'இது கொடுக்கிறது, அது வாங்குகிறது' என்று இணைக்கும் படங்களை இதற்குப் பிறகு பழைய நம்பிக்கையோடு பார்க்க என்னால் முடியவில்லை.

செய்வதற்கும் சேர்வதற்கும் இடையே உள்ள தூரத்துக்கு நம் மாநிலத்திலேயே பழைய, மதிப்புமிக்க சான்று உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் பி12-ஐக் கணிசமாகச் செய்ய முடியும் என்பது முடிவு. பெருங்குடலில் செய்தால் உடம்புக்குப் பயன்படாது; உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. அதற்கு மேலேயே செய்கிறது என்பதுதான் செய்தியின் கனம். சைவ உணவுக்காரர்கள் பலர் அந்தக் கட்டுரையை, பி12-க்கு வெளியே கையேந்த வேண்டாம் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். கட்டுரை நிறுவியது உற்பத்தியை மட்டுமே. அந்த பி12 மனித உடம்புக்குப் போய்ச் சேர்ந்ததை அல்ல. கசட்டைப் பற்றிய இன்றைய பேச்சிலும் அதே இடைவெளியை அதே அவசரத்தோடு தாண்டுகிறார்கள்.

திருநெல்வேலிக்கு நேராகப் பொருந்தும் விவாதம் பாசிகளைப் பற்றியது. மாநகராட்சியின் இராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையம், தேசிய ஆற்றுப் பாதுகாப்புத் திட்டத்தில் குளமுறையில் கட்டப்பட்டது. குளமுறையில் மோட்டார் போட்டுக் காற்றடிக்கத் தேவையில்லை. கழிவுநீர் குளங்களில் நாள் கணக்கில் தங்கும். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், அதைக்கொண்டு பாக்டீரியா கழிவைச் சிதைக்கும், அது விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு பாடநூலில் பல காலமாக உள்ளதுதான். 2005-ல் இதோடு இன்னொரு கொடுக்கல் வாங்கல் சேர்ந்தது. மார்ட்டின் வாரனும் ஆலிசன் ஸ்மித்தும் இருந்த குழுவினர், தகவல் கிடைத்த 326 பாசி இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பி12 வெளியிலிருந்து வேண்டும் என்று தொகுத்தார்கள். ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியாவோடு வளர்த்தால் சிவப்புப் பாசி ஒன்று பி12 சேர்க்காமலேயே வளர்ந்தது. பாசியின் சாற்றைக் கொடுத்தால் பாக்டீரியா இன்னும் அதிக பி12 செய்தது. பாக்டீரியா வைட்டமின் தருகிறது, பாசி உணவு தருகிறது, இருவரும் கூட்டாளிகள் என்றார்கள்.

அரை நூற்றாண்டாகப் பாசியையும் பி12-ஐயும் ஆராய்ந்துவந்த ஸ்காட்லாந்து உயிரியலர் மைக்கேல் ட்ரூப் இதை ஒப்பவில்லை. தண்ணீரில் கரைந்து கிடக்கும் பி12-இன் அளவே பாசிக்குப் போதும், செத்ததும் சிந்தியதுமாகக் கிடப்பதைப் பாசி பொறுக்கிக்கொள்கிறது, இதற்குக் கூட்டாளி எதற்கு என்று 2007-ல் எழுதினார். இருதரப்பையும் படித்தால் ட்ரூப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சிவப்புப் பாசி ஆய்வு, கூட்டு இருக்க முடியும் என்பதைக் காட்டியது. இயற்கையில் பாசி கூட்டால்தான் பிழைக்கிறது என்பதைக் காட்டவில்லை. 2012-ல் லோபோமோனாஸ் என்ற நன்னீர்ப் பாசியையும் மீஸோரைசோபியம் என்ற மண் பாக்டீரியாவையும் வைத்து நடந்த ஆய்வு கூட்டுக் கட்சிக்குப் பலம் சேர்த்தது. வைட்டமினும் இல்லை, பாக்டீரியாவுக்கு வேறு உணவும் இல்லை என்ற நிலையில் இரண்டும் சேர்ந்து வாழ்ந்து, எண்ணிக்கை ஒரு விகிதத்தில் நிலைபெற்றது. அதுவும் பட்டினி போட்ட குடுவைதான். கழிவுநீர்க் குளம் பட்டினி கிடக்கும் இடமே இல்லை.

அதனால் குளத்தைப் பொறுத்தவரை ட்ரூப் பக்கம்தான் சாய்கிறேன். மனிதக் கழிவோடு பி12 குடும்பத்து மூலக்கூறுகள் ஏராளமாக வருகின்றன. அவற்றில் மனிதனுக்குப் பயன்படும் அசல் பி12 ஒன்றிரண்டு சதவீதம்தான், மீதியெல்லாம் துணுக்கு மாறிய வகைகள் என்று 2008-ல் வெளிவந்த மலப் பரிசோதனை ஆய்வு சொன்னது. ஜியோபாக்டர் கதையைப் பார்த்த பிறகு இந்த விவரத்தின் முக்கியத்துவம் கூடுகிறது. குளத்தில் கனமாகக் கழிவு விழும்போது பச்சையாகப் படரும் யூக்ளினாவுக்குப் பி12 கட்டாயம். கிளமிடோமோனாஸ் ரைன்ஹார்ட்டிக்குக் கட்டாயமில்லை, கிடைத்தால் எடுத்துக்கொள்ளும். குளத்தில் எந்தப் பாசி ஓங்குகிறது என்பதில் வைட்டமினின் வகைக்குப் பங்கு இருக்கலாம். அளவுக்குப் பங்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

குளத்தை விட்டு, இயந்திரம் பொருத்திய நிலையங்களுக்கு வந்தால், நேரடியான ஆய்வுகளில் முக்கியமானது 2017-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் வெளியிட்ட லாசன் குழுவினருடையது. அம்மோனியாவை ஆக்சிஜன் இல்லாமலேயே நைட்ரஜன் வாயுவாக மாற்றும் அனமாக்ஸ் பாக்டீரியாவின் குருணைகளை எடுத்து, அதில் வாழும் இனங்களின் மரபணுத் தொகுதியையும், எந்த மரபணு அந்த நேரத்தில் ஓடுகிறது என்பதையும் வாசித்தார்கள். அமினோ அமிலத்துக்கும் வைட்டமினுக்கும் இனங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன. வெறும் மரபணுப் பட்டியலைவிட ஒரு படி மேலான ஆய்வு, கவனமாகச் செய்யப்பட்டது. இருந்தும் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு வைட்டமின் போனதை அது அளக்கவில்லை. கசட்டில் செல்கள் ஓயாமல் சாகின்றன, உடைகின்றன, புரோட்டோசோவா அவற்றைத் தின்கின்றன. உடைந்த செல்லிலிருந்து கொட்டுவதைப் பொறுக்குவதும், உயிருள்ள செல் கசியவிடுவதை வாங்குவதும் மரபணு வாசிப்பில் ஒரேபோலத்தான் தெரியும்.

முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், கைமாற்றம் உண்டு, சில ஜோடிகளில் நிரூபணமாகிவிட்டது. இரண்டாவதற்கு: சுத்திகரிப்பு நிலையத்தில் அது நடக்க எல்லாக் காரணமும் உண்டு, ஆனால் நிலையத்தின் செயல்திறன் அதனால் தீர்மானமாகிறது என்பது இன்னும் கருதுகோள்தான்.

மூன்றாவது கேள்வி காசைப் பற்றியது. அதற்கு வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், காற்றூட்டிச் சுத்திகரிக்கும் நிலையங்களின் கசடு கால்நடைத் தீவனத்துக்குப் பி12 தரும் மூலப்பொருளாக ஆராயப்பட்டது. கசட்டிலிருந்து பி12 எடுக்கும் முறைக்கு 1953-ல் காப்புரிமையும் வழங்கப்பட்டது. வைட்டமின் எடுக்கலாமா என்று பார்க்கும் அளவுக்கு அது நிறைந்த பொருளுக்கு, வெளியிலிருந்து வைட்டமின் வாங்கிக் கொட்டுவதற்கு என்ன நியாயம்? தொழிற்சாலைக் கழிவுநீர் வேறு விஷயம். அது ஒரே வகைச் சரக்காக வரும். நுண்சத்து இல்லாமல் இருக்கலாம். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்படிப்பட்ட கழிவுநீரில் வைட்டமின்களைச் சேர்த்துப் பார்த்தபோது, எந்த வைட்டமின், எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சிலது உதவியது, சிலது கெடுத்தது. ஒரு சாயப்பட்டறையோ காகித ஆலையோ தன் கழிவுநீரில் சோதித்துவிட்டு வாங்கினால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கழிவுநீருக்கு அந்த வாதம் செல்லாது.

வைட்டமின் கொட்டுவதால் கெடுதலும் வரலாம். 2015-ல் காதரின் ஹெலிவெல் குழுவினர் கிளமிடோமோனாஸுக்குத் தொடர்ந்து பி12 கொடுத்து வளர்த்தார்கள். 500 தலைமுறைக்குள், அதாவது சில மாதங்களில், பி12 இல்லாமல் வாழத் தெரியாத ஒரு வம்சம் அதிலிருந்து கிளம்பியது. கிடைக்கும் வரை அது மற்றதை முந்தியும் வளர்ந்தது. கசட்டில் இதே பரிசோதனையை யாரும் செய்து நான் அறியேன், இது என் ஊகம்: நாள்தோறும் ஊட்டம் கொட்டும் நிலையம், ஊட்டத்தை நம்பிப் பிழைக்கும் பாக்டீரியாவையே வளர்த்தெடுக்கும். பட்ஜெட்டில் காசு நின்ற மாதம் அது தெரியவரும்.

நுண்ணுயிர்க் கரைசலின் நிலை இன்னும் பலவீனம். ஜப்பானின் ஒகினாவாவில் தெருவோ ஹிகா உருவாக்கிய இ.எம். கரைசல் நம் ஊர்களிலும் பரவிவிட்டது. மூலக் கரைசலை வெல்லத்தோடு தண்ணீரில் கலந்து, மூடிவைத்து, ஒரு வாரம் போல ஊறவிட்டுத் தெளிக்கிறார்கள். குப்பைமேட்டில் நாற்றம் குறைவதைப் பார்த்தவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை, புளித்த அமிலம் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அதில் முக்கியப் பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு. வைட்டமினுக்குப் பிறரிடம் கையேந்துவதில் அந்தக் குடும்பத்துக்கு ஈடு இணை இல்லை. பி12-ஐ அளக்க ஆய்வகங்கள் பல காலம் பயன்படுத்திய லாக்டோபாசில்லஸ் லைக்மன்னி அதே குடும்பம். வைட்டமின் இருந்தால்தான் வளரும் என்பதாலேயே அது அளவுகோலானது. கூட்டுக்குக் கொடுக்க ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்புவது பெரும்பாலும் வாங்க வருகிற ஆளை. கரைசலில் உள்ள ஈஸ்ட் சில பி வகை வைட்டமின்களைத் தரும், பி12 தராது.

கருத்து உண்மையானால் அது சுட்டுகிற வழி வேறு பக்கம் இருக்கிறது. ஒன்றையொன்று நம்பி வாழும் கூட்டத்தைப் பிரிக்காமல், கழுவி அனுப்பாமல், பழசை முழுதும் கொட்டிவிடாமல் வைத்திருப்பதுதான் அந்த வழி. செப்டிக் டேங்கைப் பற்றிய இந்தியத் தர விதிமுறை இதைப் பல காலமாகவே சொல்லிவருகிறது: கசடு எடுக்கும்போது அடியில் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவைக்க வேண்டும், புதிதாக விழுவதற்கு அதுவே வித்து. பாலுக்கு உறைமோர் விடுவதுபோல. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் எங்கும் இந்த ஒரு விதியைக் கசடு எடுக்கும் லாரிக்காரருக்குச் சொல்ல எந்தக் கரைசல் பாட்டிலும் தேவையில்லை. புதிய நிலையம் தொடங்குகிறவர்கள், ஏற்கெனவே வீட்டுக் கழிவுநீரில் நன்றாக ஓடும் நிலையத்தின் கசட்டை லாரியில் கொண்டுவந்து வித்தாக விடலாம். வேண்டிய இனங்கள் அத்தனையும், அவற்றுக்குத் தெரிந்த கூட்டாளிகளோடு, நம் தட்பவெப்பத்துக்குப் பழகி அதில் இருக்கும். அந்த லாரி எடுத்த கசடு வாய்க்காலிலோ ஓடையிலோ இறங்காமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் காசு வேண்டும். நகராட்சிகளின் முதல் ரூபாய் அங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது கேள்வியை மட்டும் திறந்தே வைக்கிறேன், அதை இங்கேயே சோதிக்க முடியும் என்பதால். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. குளமுறை நிலையத்தின் நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியா நின்றுவிடும், கரைந்த வைட்டமின் இறங்கிவிடும். வடித்த நீர் ஒரு குடுவையில்; வடித்த நீரில் குளத்துப் பாக்டீரியாவை உயிரோடு சேர்த்தது ஒன்றில்; கொன்று சேர்த்தது இன்னொன்றில். மூன்றிலும் பி12-க்குப் பட்டினி போட்ட யூக்ளினாவை விட்டு வெளிச்சத்தில் வைத்து எண்ண வேண்டும். மூன்றிலும் ஒரேபோல வளர்ந்தால் ட்ரூப் சொன்னது நம் குளத்துக்கும் சரி. உயிருள்ள பாக்டீரியா இருக்கும் குடுவையில் மட்டும் வளர்ந்தால் கூட்டுக் கட்சிக்கு நான் மாற வேண்டியிருக்கும். எது வந்தாலும் பாட்டிலைப் பற்றிய தீர்ப்பு மாறாது. உயிருள்ள கூட்டாளி தேவை என்று தெரியவந்தால், கசட்டைக் கழுவிவிடக் கூடாது என்பதற்கு இன்னும் வலுவான காரணம் கிடைக்கும்.